சோழகத்தை எதிர்த்து வந்த கோப்பி ஆவி

நெடுந்தீவில் கோப்பியின் ஆவி காற்றோடு போவதில்லை. கொட்டையை வறுத்தவர் யாரை நினைத்து வறுத்தாரோ, அவர் இருக்கும் பக்கம் போகும். சில வருடங்களுக்கு முன் தென்மேற்கிலிருந்து சோழகக் காற்று வீசிய ஒரு காலத்தில் இது தொடங்கியது. ஏன் என்று யாருக்கும் தெரியாது. எப்படி என்று எல்லோருக்கும் தெரியும். கோப்பி வறுக்கும்போது சட்டியை விட்டு நகர முடியாது. கை கிளறிக்கொண்டே இருக்க வேண்டும், மனம் மட்டும் சும்மா இருக்கும். கொட்டை வெடித்து எண்ணெய் கசிகிற அந்தச் சிறுபொழுதில் மனத்தில் நிற்கிற ஆள் கொட்டைக்குள் போய்விடுகிறார். பிறகு மல்லியும் வேர்க்கொம்புச் சுக்கும் சேர்த்து இடித்தாலும், அரிதட்டில் அரித்தாலும், அவரை வெளியே எடுக்க முடியாது. கொதிநீர் பட்டதும் ஆவி அவரைத் தேடிப் புறப்படும். பிள்ளைகள் கனடாவில் இருக்கும் வீடுகளில் அது வடமேற்காகக் கடலுக்கு மேலே போனது. கிழவர் குருசுமுத்துவின் கோப்பி ஆவி சேமக்காலைக்குப் போய் அவருடைய மனைவியின் கல்லறையில் இறங்கியது. மறைக்க ஏதேனும் இருந்த வீடுகள் தேநீருக்கு மாறின. தேயிலை கடைப் பொதியில் வருகிறது, அதை யாரும் இங்கே வறுப்பதில்லை, ஆகவே அதன் ஆவி காற்றோடு ஒழுங்காகப் போகும்.

மேர்சியின் வளவுக்கும் யூலியானாவின் வளவுக்கும் நடுவே ஒரு பவளக்கல் மதில். மேர்சியின் கணவன் அமலதாசுக்கு முதலில் கலியாணம் பேசியது யூலியானாவைத்தான். அது சரிவராமல், அவள் தனியாகவே இருந்துவிட்டாள். தினமும் காலையில் யூலியானாவின் குசினி அடுப்பிலிருந்து எழுந்த ஆவி, சோழகத்தை எதிர்த்து, மதிலைத் தாண்டி மேர்சியின் வாசலுக்கு வந்தது. அமலதாஸ் அந்த நேரம் வாசலில் வலை பொத்திக்கொண்டிருப்பான். மேர்சி விளக்குமாற்றால் அந்த ஆவியை அடிப்பாள். அது கலைந்து மறுபடி கூடும்.

"நான் என்னப்பா செய்யிறது? அவளோடை நான் கதைச்சே எத்தினை வருசம்," என்பான் அமலதாஸ்.

"கதைக்காமலே இவ்வளவு புகையுது. கதைச்சால் கூரையும் எரியும்!"

தன் வீடு தன்னுடையதுதானா என்று மேர்சிக்குத் தெரிந்தாக வேண்டும். ஆனால் கணவனும் மனைவியும் ஒரே வாசலில் இருக்கும்வரை, வருகிற ஆவி யாருக்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது. இதை அவள் சரியாகவே கண்டுபிடித்தாள். ஐப்பசி பிறக்குமுன் உலகக் கோப்பி நாள் என்று ஒன்று வருவதைக் கைபேசியில் பார்த்ததும், மாதர் சங்கத்தில் அதைக் கொண்டாட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். ஒவ்வொருத்தியும் தான் வறுத்த கோப்பியைத் தன் கேத்தலில் கொண்டுவர வேண்டும் என்பது அவள் போட்ட விதி. அவளுக்குப் பிசகியது ஒன்றுதான். தன் கேத்தலின் ஆவி எங்கே போகிறது என்று அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. கண் எப்போதும் மதிலுக்கு மேலேயே இருந்தது.

அன்று சங்க முற்றத்தில் அமலதாசைத் தெற்கு மூலையில் பூவரசின் கீழ் கதிரை போட்டு இருத்தினாள். தான் மேற்கே வாசல் படலையடியில் நின்றாள். யூலியானாவை வடக்கு மூலையில் விட்டாள்.

"என்ன மேர்சி, என்னை மட்டும் வெயிலுக்கை விட்டிருக்கிறீர்?"

"உம்மடை கோப்பி வடிவாய்த் தெரியட்டும் எண்டுதான்."

யூலியானா மூடியைத் திறந்தாள். ஆவி எழுந்து, சற்று நின்று, அமலதாசின் பக்கம் திரும்பியும் பாராமல் முற்றத்தைக் கடந்து மேர்சியின் கழுத்தைச் சுற்றியது. மேர்சியின் கை தட்டி அவளுடைய கேத்தல் மூடியும் விழுந்தது. அதிலிருந்து வந்த ஆவி நேரே யூலியானாவின் முகத்துக்குப் போனது. இரண்டும் விசுக்கோத்து மேசைக்கு மேலே சந்தித்து, கயிறு போல முறுக்கிக்கொண்டன.

"தம்பி அமலதாஸ்," என்றார் குருசுமுத்து, "ரெண்டு பேரும் வறுக்கேக்கை உன்னை ஒருத்தியும் நினைக்கேல்லையடா. நீ போய்த் தேத்தண்ணி குடி."

முற்றம் சிரித்தது. யூலியானா சிரிக்கவில்லை. "ஓம், உம்மைத்தான் நினைக்கிறனான்," என்றாள். "உம்மடை கறி என்ன, உம்மடை சீலை என்ன எண்டு. நித்தம். அவரின்ர முகம் எனக்கு மறந்தே போச்சு."

மேர்சி தன் கேத்தலைப் பார்த்துவிட்டு, மூடியைக் குனிந்து எடுத்தாள்.

பிறகு பலமுறை கணவனையே நினைத்து வறுத்துப் பார்த்தாள். கொட்டை வெடிக்கிற நேரம் பார்த்து, மதிலுக்கு அப்பால் என்ன தாளிக்கிறாள் என்ற எண்ணம் வந்து நின்றுவிடும். அமலதாஸ் தேநீருக்கு மாறினான். முதல் மாதம் கொஞ்சம் முகத்தைத் தூக்கிக்கொண்டு குடித்தான். இரண்டு குசினிகளுக்கும் இடையே, மதிலுக்கு மேலே அந்த ஆவிக்கயிறு நாளுக்கு நாள் தடித்து, இப்போது இரவிலும் கலைவதில்லை. இரு பெண்களும் தத்தம் பக்கத்தில் அதில் துணி காயப்போடுகிறார்கள். ஒருத்தி புதுச் சேலையை விரித்தால் மற்றவளின் பக்கம் உடனே இறுகும். அதனால் எவ்வளவு ஈரத்துணி போட்டாலும் அது தொய்வதில்லை.