உர்ஷ்காவின் வெள்ளைப் பூ

அன்று மாடி அறையில் இருந்தவர்கள் மூவர்: லோவ்ரோ, அவர் தங்கை நேஜா, பக்கத்து வீட்டு பொலோனா. மனைவி உர்ஷ்கா இறந்தபின் ஜன்னல் வெறுமையாகக் கிடந்தால் குடும்ப மானம் போய்விடும் என்று லோவ்ரோ ஜன்னல் தொட்டியில் ஐந்து சிவப்பு ஜெரேனியம் பூச்செடிகளை நட்டார்.

"அண்ணி ஒரேயொரு வெள்ளைக்கு எத்தனை வருஷம் கெஞ்சினாங்க, அண்ணா!"

"இந்த வீட்டுல சிவப்புதான்." அறையைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் தெருவிலிருந்து பொலோனா கத்தினாள். "என்ன மாமா, ஆறு இருக்கு? இரட்டைப்படை கல்லறைக்குத்தானே வைப்போம்!"

ஓரத்தில் வெள்ளை பூத்திருந்தது. பிடுங்கி எறிந்தார்; மறுநாளும் நின்றது. மீண்டும் கைவைத்தபோது மண்ணுக்குள்ளிருந்து ஏதோ அவர் விரலைப் பற்றி, மெல்ல விட்டது. லோவ்ரோ ஆறுக்கும் தண்ணீர் ஊற்றினார்.

நேஜாதான் நட்டாள் என்கிறது ஊர். இல்லை. அறையைப் பூட்டிய அன்று மாலையே அவள் லியூப்லியானா நகருக்குப் பேருந்தில் போய்விட்டாள்.