பதினேழு பெண்களின் கனவுகள்

எங்கள் ஊரான மொக்னினில், உப்பேரியின் மேல் பனி கலையாத நேரத்தில்தான் எங்கள் வேன் கிளம்பும். பதினேழு பெண்கள். ஏற்றுமதிக்கு ஜீன்ஸ் தைக்கும் கொட்டகையில் வேலை. ஏரி எது, வானம் எது என்று பிரிக்க முடியாது. பூநாரைகள் இரண்டுக்கும் நடுவில் மிதப்பது போல நிற்கும். அரைத் தூக்கத்தில், இரவு கண்ட கனவுகளை ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொண்டே போவோம்.

ஒரு மார்ச் மாதம் அந்த வேனில் இப்திஹேல் ஏறினாள். சூஸ் நகரப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படிக்கிறவள். வேலையிடத்தில் பெண்களுக்கு நடக்கும் அநியாயத்தை ஆராய வேண்டுமாம். கையில் நாற்பது கேள்விகள் அச்சடித்த தாள்கள்.

"சூப்பர்வைசர் உங்களை மரியாதையா நடத்துறாராக்கா?" என்று என்னிடம் கேட்டாள்.

"அல்ஹம்துலில்லாஹ், எல்லாம் நல்லாத்தான் போகுது" என்றேன். எல்லோரும் அதையேதான் சொன்னோம்.

காஜா போடும் மப்ரூக்கா ஹரிஸா மிளகாய் விழுது தடவிய ரொட்டியை நீட்டினாள். "இந்தா, முதல்ல சாப்பிடு. உன் கேள்வியைக் கேட்டு எனக்கே பசிக்குது."

ஒரு வாரம் இப்படியே போயிற்று. பிறகு ஒரு நாள் இப்திஹேல் என் தோளிலேயே தூங்கிவிட்டாள். விழித்ததும், தான் கண்ட கனவைச் சொன்னாள். தாள்களைப் பைக்குள் வைத்துவிட்டுக் கேட்டாள்: "உங்க கனவையெல்லாம் எழுதிக்கட்டுமா?"

"எழுதிக்கோ. கனவு கண்டதுக்கு யாரும் வேலையை விட்டுத் தூக்க மாட்டாங்க" என்று மப்ரூக்கா சிரித்தாள்.

எழுதினாள். கர்ப்பிணியான ஃபத்தியாவின் கனவில் கொட்டகைக்குள் கடல் வந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் மெஷின்களுக்கு நடுவே எல்லோரும் நீந்தினோம், ஆனால் வெளியே போக முடியவில்லை. என் கனவில் நீலத் துணிச் சுவர்களுக்கு நடுவே பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தேன், நடந்தேன்.

மூன்று வாரம் கழித்து எல்லாவற்றையும் வேனில் படித்துக் காட்டினாள். "பதினோரு கனவுல ஒரு பூட்டின கதவு வருது. அது எந்தக் கதவு?"

டிரைவர் ரேடியோவை அணைத்தார். நான்தான் சொன்னேன். நாங்கள் உள்ளே போனதும் சூப்பர்வைசர் கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். மதியம்வரை திறக்க மாட்டார். குளிர்காலத்தில் ஒரு மோட்டார் புகைந்தபோது அந்தக் கதவில்தான் எல்லோரும் முட்டி மோதினோம். ஃபத்தியா மயங்கி விழுந்தாள். அதன்பிறகு நாங்கள் யாரும் அதைப் பேசியதே இல்லை.

"இது சட்டப்படி தப்புக்கா!"

"சட்டம் நம்ம வேன்ல ஏறுறதில்லையே, தங்கச்சி" என்றாள் மப்ரூக்கா.

அன்று நாங்கள் உள்ளே போகவில்லை. வாசலிலேயே உட்கார்ந்துவிட்டோம்.

"உள்ள போங்கடி! ஆர்டர் நிக்குது!" என்று சூப்பர்வைசர் கத்தினார்.

"சாவியைக் கொடு, போறோம்" என்றாள் மப்ரூக்கா.

பனி கலைந்து வெயில் ஏறியது. மற்ற வேன்களில் வந்தவர்களும் எங்களோடு உட்கார்ந்தார்கள். நடப்பது எதுவும் எனக்கு நிஜமாகப் படவில்லை. யாராவது தட்டி எழுப்பிவிடுவார்களோ என்று பயமாக இருந்தது. மதியம் முதலாளி வந்தார். கூட்டத்தைப் பார்த்துவிட்டு, கதவு திறந்தே இருக்கட்டும் என்றார்.

இரண்டு வாரத்தில், வேலை குறைந்துவிட்டதென்று சொல்லி மப்ரூக்காவை நிறுத்தினார்கள். இப்திஹேல் அழுதாள். "என்னாலதானேக்கா..."

"உன்னாலயா? அவ்ளோ பெரிய ஆளாடி நீ? வாயைத் திறந்தது நான்!"

இப்திஹேலே அவளைத் தொழிலாளர் அலுவலகத்துக்கு அழைத்துப் போய் மனு கொடுத்தாள். எட்டு மாதம் அலைந்தபின் மப்ரூக்கா திரும்ப வேலையில் சேர்ந்தாள், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

இப்திஹேலின் ஆய்வுத் தேர்வுக்கு நானும் மப்ரூக்காவும் சூஸ் போயிருந்தோம். "கனவெல்லாம் ஆதாரமாகுமா?" என்று பேராசிரியர் கேட்டார். இப்திஹேல் பதில் சொல்வதற்குள் மப்ரூக்கா எழுந்துவிட்டாள். "கனவு பொய்யாவே இருக்கட்டும் ஐயா. பதினோரு பேருக்கும் ஒரே பொய்யா வரும்?"

அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, முதல் பக்கத்திலிருந்து மறுபடி படிக்க ஆரம்பித்தார்.

இப்திஹேல் தேறிவிட்டாள். அவளும் எங்களோடு கிளம்பினாள். திரும்பும் பேருந்தில் மூவரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து தூங்கிப்போனோம். விழித்தபோது பேருந்து, நாங்கள் இறங்க வேண்டிய மொக்னினைத் தாண்டிவிட்டிருந்தது.