பதினான்காம் எண்ணும் ஒரு ஜோடிச் செருப்பும்

முப்பத்தொரு முறை அந்த மனிதன் மாடிப்படி ஏறிவிட்டான். அதே மணியை அடித்து, அதே விதவையின் சமையலறையில் உட்கார்ந்து, இரவல் கொடுத்த ஏணியைத் திருப்பிக் கேட்டுவிட்டான். செக் மொழியில் எனக்கு அவனைப் பிடித்துத்தான் இருந்தது. பல்கேரிய மொழியில் பத்தாவது முறை வந்தபோது, அவள் கதவைத் திறக்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

செக் நாட்டின் ப்ர்னோவில் நடக்கும் எங்கள் போட்டி அப்படித்தான். நாற்பது வயதுக்கு உட்பட்ட புது மொழிபெயர்ப்பாளர்கள். எல்லோருக்கும் ஒரே செக் கதை. அதைப் பெயர்க்க வருடத்துக்கு ஒரு மொழி; இந்த வருடம் பல்கேரியன், முப்பத்தொரு தாள்கள். பெயர் மூடி ஒட்டிய தனி உறைக்குள், தாளில் எண் மட்டும். நடுவர்கள் நானும் ரதோவான் ஷெபேலாவும். என்னைவிடப் பத்து வயது இளையவர் என்றாலும் களைப்பில் எனக்குச் சமம்.

முதல் பரிசு பதினான்காம் எண்ணுக்கு என்பதில் எங்களுக்குள் தகராறு இல்லை. மற்ற தாள்களில் விதவை சொன்னதைப் படித்தோம். இதில் அவள் பேசியது காதில் விழுந்தது. அதன் கடைசிப் பக்கத்தைத் திருப்பிய ரதோவான் கண்ணாடியைக் கழற்றினார். அங்கே எங்களுக்கு ஒரு குறிப்பு இருந்தது.

'முடிவில் அவன் வீட்டுக்குள் போடும் செருப்போடு தெருவில் நிற்கிறான். அதை யார் கொடுத்தது, அது யாருடையது என்று எங்கும் இல்லை. நடுவில் ஒரு பத்தி விடுபட்டிருக்க வேண்டும். அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.'

நடுவருக்கு ஒரு வரி எழுதினாலும் ஆள் வெளியே. யாரும் தன்னை அடையாளம் காட்டிவிடக் கூடாதென்று நாங்களே போட்ட விதி.

"பாவம்தான், டிரஹோமீராம்மா. அடுத்த தடவை எழுதட்டும்," என்றார் ரதோவான்.

"பல்கேரியன் மறுபடி வர ஆறு வருஷம் ஆகும். அதுக்குள்ள வயசு தாண்டிட்டா?"

அலுவலக அலமாரியிலிருந்து மூலப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். பத்தி இருந்தது. விதவை செத்துப்போன கணவனின் செருப்பை எடுத்து வைக்கிறாள். வந்தவன் ஷூவைக் கழற்றிவிட்டு அதில் காலை நுழைக்கிறான், பெரிதாக இருக்கிறது. பக்கம் திருப்பும் இடத்தில் விட்டிருக்கிறேன். போட்டிக்காகத் தட்டச்சு செய்தவள் நான்தான்.

விட்டதுகூடப் பெரிதில்லை. அத்தனை முறை படித்தும் இரண்டு பேருக்கும் உறைக்கவில்லையே. இந்த ஊரில் யார் ஷூவோடு அடுத்தவர் சமையலறைவரை போயிருக்கிறார்கள்? படிக்கும்போதே அவன் ஷூவை நாங்களே கழற்றி, செருப்பையும் நாங்களே கொடுத்துவிட்டோம்.

ரதோவான் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தார்.

"இது வெளிய தெரிஞ்சா போட்டியே செல்லாதும்பாங்க."

"தெரியலன்னா?"

"ஒருத்தர் மட்டும் போவாங்க."

"ஒழுங்காப் படிச்ச ஒரே ஒருத்தர்."

"ஆபீஸ் மூலமா எல்லாருக்கும் அந்தப் பத்திய அனுப்பணும். திரும்ப முப்பத்தொண்ணும் படிக்கணும். இந்த எழுபத்தாறு வயசுல உங்களால ஆகுமா?"

"ஆகாது. காபி போடுங்க."

அவர் காபி போட்டு வருவதற்குள் கடிதத்தை அடித்து முடித்தேன். பத்தி விடுபட்டது என் பிழை; எல்லோரும் அதை ஒரு வாரத்துக்குள் மொழிபெயர்த்து அனுப்பலாம்; பதினான்காம் எண் பிழையைத்தான் சுட்டிக்காட்டியது, அதனால் போட்டியில் நீடிக்கிறது. கீழே என் பெயர். ரதோவான் வாசித்துவிட்டுப் பேனாவை எடுத்துத் தன் பெயரையும் எழுதினார்.

"குருடு ரெண்டு பேரும்தானே," என்றார்.

முப்பத்தொன்றும் வந்து சேர்ந்தன. மறுபடி படியேறினோம். பெரும்பாலான தாள்களில் செருப்பு 'மிகவும் பெரிதாக' இருந்தது. பதினான்கில் ஒவ்வோர் அடிக்கும் அது குதிகாலில் தட்டியது. இந்த முறை குறிப்பு ஏதும் இல்லை, பத்தி மட்டும்தான்.

உறையைப் பிரித்தோம். ஸ்னெஷானா, பல்கேரியாவின் விதின் நகரம், வயது முப்பத்தொன்பது. தன்னைப் பற்றி ஒரே வரி: ப்ர்னோவில் நான்கு வருடம் வீடுகள் சுத்தம் செய்தேன்.

"எத்தனை வீட்டுச் செருப்ப எடுத்து அடுக்கியிருப்பாங்களோ. நீங்களே கூப்பிட்டுச் சொல்லுங்க," என்று தொலைபேசியை என் பக்கம் தள்ளினார் ரதோவான்.

எண்ணை அழுத்துவதற்கு முன் குனிந்து, மேஜைக்கடியில் என் ஷூவைக் கழற்றினேன். கால் வீங்கியிருந்தது.