தேங்காய் எண்ணெயும் பாயின்ட் டூ டூவும்

எங்கள் வம்சத்தின் வீரம் கார் பானெட்டின் மேல் பூத்துண்டு விரித்து வெயிலில் கிடக்கிறது, மண்ணையும் மானத்தையும் ஆயுதம் ஏந்திக் காத்த குடும்பம் இது என்று என் வீட்டுக்காரர் கல்யாண வீடுகளில் எழுந்து நின்று சொல்வாரே, அந்த ஆயுதம் இதுதான், என் உள்ளங்கையில் அடங்கிவிடும், பக்கத்தில் நான் நிற்கிறேன், வற்றல் காயப்போட்டுவிட்டுக் காக்கைக்கு நிற்பதுபோல, மார்கழி வெயில் ஏறுகிறது, அன்று ஏறியது, இப்போதும் கண்ணை மூடினால் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. மாமனார் வாங்கிவைத்த பாயின்ட் டூ டூ பிஸ்டல், கல்யாணமாகி வந்த அன்று பீரோவைத் திறந்து பட்டுத்துணியில் சுற்றி எடுத்து நீட்டினார் இவர், நகை என்று நினைத்து நான் வலது கையை நீட்டினேன், தொட்டுக் கும்புட்டுக்க அம்மிணி, இது நம்மூட்டுக் கொலதெய்வமாட்டம் என்றார், தெய்வத்துக்கு வராத நோவில்லை என்பது பிறகு தெரிந்தது, தோட்டா பாதி ஏறி நின்றுகொள்ளும், சுட்ட கூடு வெளியே வராமல் இடுக்கிக்கொள்ளும், மலிவான தோட்டா போட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், இதன் தோட்டாவின் விளிம்பில் உள்ளேயிருக்கிற ஊசி சுருக்கென்று அடித்தால்தான் வெடிக்கும், கொஞ்சம் அசந்து அடித்தால் டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை பேப்பரை விரித்து அக்கக்காகப் பிரித்துத் துடைப்பார், ஒரு ஸ்பிரிங் தெறித்துக் கட்டிலுக்கடியில் ஓடும், வீடே மண்டிபோட்டுத் தேடும், ஏனுங்க, இதுங்களா, அட அது பேனா ஸ்பிரிங்கு புள்ள, நான் சிரிப்பேன், அவரும் தவழ்ந்தபடியே சிரிப்பார், தோப்புக்குள் காட்டுப்பன்றிகள் குடும்பத்தோடு வந்து குருத்தைத் தின்றுவிட்டு ஆறஅமரப் போகும், ஒன்றையும் இவர் சுட்டதில்லை, ஆனால் ஊருக்கு நாங்கள் துப்பாக்கிக்காரர் வீடு, பஸ்ஸில் கண்டக்டர், துப்பாக்கிக்காரர் தோட்டமெல்லாம் எறங்கு என்று கத்தும்போது ஜன்னலோரம் இவர் முதுகு தானாக நிமிரும், தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும், வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்புகிற முகத்தோடு போவார், சாப்பாட்டில் கை வைக்கமாட்டார்.

அந்த வருஷம்தான் லைசென்ஸைப் புதுப்பிக்கப் போனபோது கேட்டார்கள், இது வெடிக்குமா, வெடிக்கும் என்றால் ரைபிள் கிளப்பில் சுட்டுக்காட்டிச் சான்று வாங்கி வாருங்கள், இல்லாவிட்டால் ஒப்படைத்துவிடுங்கள், வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார், லைசென்ஸு போச்சுன்னா நானாரு அம்மிணி, வெறும் சென்னியப்பன்தானே என்றார், அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை, கனவில் இன்னமும் கேட்கிறது, கனவில் அவருக்கு நான் ஏதோ பதில் சொல்கிறேன், விழித்தால் மறந்துபோகிறது. போவதற்கு முந்தின சாயங்காலம் பிஸ்டலைக் குளிப்பாட்டினார், அதற்கென்று விற்கிற எண்ணெய் வாங்கலாமுங்களே என்றேன், நம்ம தோப்புக் காய், நம்ம செக்கு, எவனோ ஆட்டுன எண்ணெய் எதுக்கு என்று தேங்காய் எண்ணெயை உள்ளும் புறமும் ஊற்றினார், சாம்பிராணிகூடக் காட்டினோம்.

கோவை ரைபிள் கிளப்பில் அந்தக் காலைக் குளிரில் பல் கிட்டியது, பக்கத்து வரிசையில் பல் டாக்டர் மெகருன்னிசா ஊசி போடுகிற நிதானத்தோடு ஒவ்வொன்றாக நடுவட்டத்தையே துளைத்துக்கொண்டிருந்தார், இவர் காலை அகட்டி நெஞ்சை நிமிர்த்திக் குறிபார்த்து அழுத்துகிறார், டிக், கிளப் செயலாளர் துரைராஜ், கைய எறக்காதீங்க, அப்படியே நில்லுங்க என்று, தாமதமாக வெடித்தாலும் வெடிக்குமென்று கொஞ்சம் பொறுத்து அந்தத் தோட்டாவை எடுத்துப் பார்க்கிறார், விளிம்பில் நகக்கீறல்போல ஒரு தடம், வேறு தோட்டா, டிக், இன்னொன்று, டிக், ஐயா, உங்க பிஸ்டல் ரொம்பச் சாந்த சொரூபிங்க என்று யாரோ சொல்ல எல்லோரும் சிரிக்கிறார்கள், இவர் கழுத்து வியர்க்கிறது, நான் தலையைத் தடவிக்கொள்கிறேன், அப்போதுதான் உறைத்தது, காலையில் தலைவாரும்போது எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தும் ஒரு சொட்டு விழவில்லை, வெள்ளையாக உறைந்து கிடந்தது, ஏனுங்க, உள்ளார எண்ணெய் கட்டியாயிருக்குமுங்க, ஊசி அதுக்குள்ள மாட்டிக்கிட்டு நீஞ்சுதுங்க, கொஞ்சம் வெயில்ல வெச்சாத் தேவலை என்றேன், துரைராஜ் முகர்ந்து பார்த்தார், அம்மா, தாளிக்கிற வாசம் வருதுங்க என்றார், தோட்டாவெல்லாம் இறக்கி, காலியா என்று சரிபார்த்துப் பானெட்டைக் காட்டினார்.

வெயில் ஏற ஏற உறைந்ததெல்லாம் இளகிப் பூத்துண்டில் வட்டமாக ஊறுகிறது, இவர் என் முந்தானையை வாங்கித் துடைக்கிறார், ஏம்புள்ள, வெடிக்குமா, வெடிக்குமுங்க, நீங்க போங்க, அவர் போனார், கையை நீட்டினார், வெடித்தது, குளத்தில் கல் விழுந்தமாதிரி சின்னச் சத்தம்தான், இவர் திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் எனக்குப் பதினெட்டு வயது, மறுபடி வெடித்தது, மறுபடியும், துரைராஜ் சான்றில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார், வெடிக்கிறது என்று மட்டும்தான் அதில் எழுதவேண்டியிருந்தது. குறியட்டையைக் கழற்றிக் கொண்டுவந்தபோது அது கடையில் வாங்கியபடியே இருந்தது, ஒரு ஓட்டை இல்லை, இவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், இப்போது கூடத்தில், மாமனார் படத்துக்குப் பக்கத்தில், சட்டம் போட்ட அட்டையின் நடுவட்டத்தில் ஐந்து ஓட்டைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருக்கின்றன, வருகிறவர்கள் வாயைப் பிளக்கிறார்கள், துப்பாக்கிக்காரர்னா சும்மாவா என்கிறார்கள், இவர் தொண்டையைச் செருமிக்கொள்கிறார், நான் காப்பி ஆற்றுகிறேன்.

அது டாக்டரம்மாவின் அட்டை, கேட்டு வாங்கி வந்தோம்.