ஒரு கல் குறைந்த வீடு

சாய்ந்தமருதின் வயல் ஓரத்துக் காணியொன்றில் அம்ஹாவின் சீதன வீடு, மேசன் ஒருவரின் கையும் படாமல் தானாகவே எழும்பத் தொடங்கியது, சீமெந்து விலை இரண்டாம் தரம் ஏறின மாதத்தில்தான். அத்திவாரத்தோடு வேலை நின்று, புல் முளைத்து, அயலார் மாடு கட்டுகிற இடமாகிப் போயிருந்த காணி அது. ஒரு விடியற்காலை, வயலுக்குத் தண்ணீர் திருப்பப் போனவர்கள் பார்த்தபோது அத்திவாரத்துக்கு மேலே ஒரு வரிசை கல் ஏறியிருந்தது. அடுத்த நாள் அதற்கு மேல் இன்னொன்று. சாந்து ஈரம் காயாமல் இருந்தது. சுற்றிவர மண்ணில் மாட்டுக் குளம்பின் அடையாளம் இருந்ததே தவிர மனிதக் காலடி ஒன்றுகூட இல்லை. ஊருக்குள் இதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. கடல் எழும்பி வந்து வீடுகளைத் தூக்கிக்கொண்டு போனதைக் கண்ட சனம் இது. ஒரு வீடு எழும்பி நிற்பதற்கெல்லாம் வாய் பிளந்து நிற்பார்களா என்ன! வெளிநாட்டில் இருக்கிற அண்ணன்காரன், அவளுடைய காக்கா, ஏதோ புது மெஷினை அனுப்பிக் கட்டுவிக்கிறார் என்று பேசிக்கொண்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

ஊர் வரலாறு சொல்ல வருகிறவர்கள் எந்தக் குடி எப்போது வந்தது, எந்தக் குடிக்கு யார் தலைமை மரைக்கார் என்பதையெல்லாம் மூச்சு விடாமல் ஒப்புவிப்பார்கள். முக்கியமான ஒன்றை மட்டும் சொல்ல மாட்டார்கள், எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று. இந்தக் கரையில் ஆம்பிளைக்கு வீடு கிடையாது. பிறப்பது உம்மாவின் வீட்டில், மௌத்தாவது பெண்சாதியின் வீட்டில். இரண்டுக்கும் நடுவில் அவன் செய்ய வேண்டியது, தங்கச்சிக்கு ஒரு வீடு கட்டிக் கொடுப்பது. அம்ஹாவின் உம்மாவுக்கும், சித்தி லைலா என்பது அவள் பேர், அப்படிக் கட்டிக் கொடுத்த வீடு ஒன்று கடற்கரை ஓரமாய் இருந்தது. சுனாமி அந்த வீட்டையும் அதற்குள் இருந்த அம்ஹாவின் வாப்பாவையும் ஒன்றாகவே எடுத்துக்கொண்டது. மகன் சுபியானைத் தென்னை மரத்தடியில் உப்புத் தண்ணீரும் மணலும் கக்கின நிலையில் கண்டெடுத்தார்கள். அன்றிலிருந்து அவனுக்கு ஒரு இருமல்: இரண்டு தரம் இருமி, மூன்றாவதை விழுங்கிவிடுவான். வளர்ந்ததும் தங்கச்சியின் வீட்டுக்காக அவன் பிரான்சுக்குப் போனான். எத்தனையோ நாட்டுக் காடுகளுக்குள்ளால் நடந்து, பாரிசுக்கு வடக்கே ஒரு தொடர்மாடியில் வேறு ஆட்களோடு ஒண்டிக்கொண்டு, கட்டட வேலைக்குப் போய் இந்த அத்திவாரத்தைப் போடுவித்தான். பிறகு அவனுடைய அகதி விண்ணப்பம் கடைசித் தரமாகவும் மறுக்கப்பட்டது. கல் தானாக ஏறத் தொடங்கியது அதற்கு அடுத்த கிழமை.

அம்ஹா சுபஹுத் தொழுதுவிட்டு வீட்டைப் பார்க்கப் போவாள். முதலில் சந்தோசமாகத்தான் இருந்தது. மேற்குச் சுவர் தோள் உயரம் வந்த நாளில் அதில் கை வைத்தாள். சித்திரை வெயிலில் வெந்து கிடக்கிற ஊரில் அந்தச் சுவர் ஐஸ் பெட்டி மாதிரிக் குளிர்ந்தது. கையை எடுக்கும்போது உள்ளேயிருந்து ஒரு குரல், மெதுவாக, மூச்சு வாங்கி வாங்கி, "அன்... தூ... த்ருவா..." என்றது. அம்ஹா எடுத்தாள் ஓட்டம். ஒரு செருப்பு வயல் வரம்பில் கழன்று விழ, மற்றதோடு வீடு வந்து சேர்ந்தாள். ஓதிப் பார்க்க வந்த மௌலவி நல்ல மனுசன், தெரியாததைத் தெரியும் என்று சொல்லாதவர். ஜின்களுக்கு எந்தப் பாஷையும் வரும்தான், ஆனால் இந்தப் பக்கத்து ஜின்கள் தமிழும் கொஞ்சம் அரபியும் தவிர வேறெதுவும் கதைத்ததாகத் தான் கேள்விப்படவில்லை என்று சொல்லி, ஓதின தண்ணீரைச் சுவரைச் சுற்றித் தெளித்துவிட்டுப் போனார். அடுத்த நாள் வழக்கம்போல ஒரு வரிசை ஏறியிருந்தது.

விசயத்தைக் கண்டுபிடித்தது சுஜிந்தன். ஆலையடிவேம்புக்காரன், பிரான்சில் பத்து வருசத்துக்கு மேல் கட்டட வேலை செய்துவிட்டு வந்து அக்கரைப்பற்றில் டைல்ஸ் கடை வைத்திருப்பவன். தரைக்கு அளவெடுக்க வந்த இடத்தில் சுவரைப் பார்த்துவிட்டு அளவு நாடாவைச் சுருட்டினான். "தங்கச்சி, இந்தக் கல்ல எங்க எடுத்தயள்? இது பர்பான் எல்லோ. அங்கத்தைய கல். இலங்கையில இந்தச் சைஸ் இல்லயே." அம்ஹா குரலைப் பற்றிச் சொன்னாள். அவன் சிரித்துக்கொண்டுதான் காதை வைத்தான். வைத்த காதை எடுக்கும்போது முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. "பிரெஞ்சில எண்ணுறார். கல் வைக்கக்குள்ள இப்படித்தான் எண்ணுவிப்பாங்க. பத்ரோன், அதான் முதலாளி, பக்கத்தில நிண்டு கேட்டுட்டே இருப்பான்." அவன் சொல்லி முடிக்கவில்லை, சுவர் இருமியது. இரண்டு தரம் இருமி, மூன்றாவதை விழுங்கியது. அம்ஹா மணல் குவியலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அன்று பின்னேரம் வீடியோவில் எடுத்தபோது சுபியான் வழக்கம்போலப் பகிடிதான் விட்டான். இப்போதெல்லாம் மெத்ரோவில் டிக்கெட் பார்க்கிறவன் தன்னைத் தாண்டிப் போகிறானாம், பொலிஸ் நின்றாலும் பார்க்காமல் போகிறதாம், விசா இல்லாதவனுக்கு இதைவிட என்ன வேணும் என்றான். அம்ஹாவால் சிரிக்க முடியவில்லை. அவனுடைய கன்னத்துக்குள்ளால் பின்னாலிருந்த ஜன்னல் தெரிந்தது. ஜன்னல் கொழுக்கியில் மாட்டியிருந்த ஈரச் சட்டையின் பொத்தான்கூடத் தெரிந்தது.

"காக்கா, நீங்க என்ன செய்றீங்க?"

"நான் என்னத்த செய்ய புள்ள? உறக்கத்தில கல் வைக்கிறன். எழும்பினா கையெல்லாம் சாந்து. உடம்பில கொஞ்சம் குறைஞ்ச மாதிரி இரிக்கி."

"வேணாம் காக்கா. நிப்பாட்டுங்க. எனக்கு வீடு வேணாம்."

"எப்படி நிப்பாட்டுற எண்டு தெரியாதே தங்கச்சி," என்றான் சுபியான். அப்போதுதான் அவன் முகத்திலும் பயத்தைக் கண்டாள். காக்கா பயந்து அவள் கண்டதேயில்லை.

உம்மாவிடம் சொன்னாள். சித்தி லைலா கேட்டுவிட்டு, அரிசியில் கல் பொறுக்குவதை நிறுத்தாமல், "அவன் ஆம்புளப் புள்ள, எப்படியும் சமாளிப்பான். ஒனக்குத்தான் கூரை வேணும்" என்றாள். கல் நெஞ்சுக்காரி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கடல் கொண்டுபோன வீட்டில் புருசனை விட்டுவிட்டு, மகனும் கை நழுவிப்போக, மகளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தவள். கூரையில்லாமல் கூடாரத்தில் குமர்ப்பிள்ளையை வளர்த்த பயம் அவளுக்குள் வேறு எந்தப் பயத்துக்கும் இடம் வைக்கவில்லை. மாப்பிள்ளையும் பேசி முடித்திருந்தார்கள். ஃப்ரிஜ் திருத்துகிற அப்ராஸ், நல்ல குணம், கல்யாணத்துக்கு முறையான வேறு குடி, குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. வீடு முடிந்ததும் நிக்காஹ் என்று பள்ளிவாசலில் சொல்லியாயிற்று.

அடுத்த விடியலில் அம்ஹா கடப்பாரை போல் கனத்த அலவாங்கோடு போனாள். சாந்து காயுமுன் மேற்குச் சுவரில் ஒரு கல்லை நெம்பி எடுத்து வாய்க்காலுக்குள் உருட்டிவிட்டாள். அன்று சுபியான் தானாகவே ஃபோனில் கோல் எடுத்து, கையில் கொஞ்சம் சூடு வந்திருக்கிறது, பஸ்ஸில் ஒரு கிழவி தன்னைப் பார்த்து 'போன்ஜூர்' சொன்னாள் என்றான். அவள் அல்ஹம்துலில்லாஹ் என்றாள். மறுநாள் அதே ஓட்டையில் புதுக் கல் இருந்தது. அதையும் எடுத்தாள். கூரை போட்டு, பூச்சும் முடிந்து, வீடு மற்ற எல்லாப் பக்கமும் சரியாகிவிட்டது. மேற்குப் பக்கம் சமையலுக்கென்று வந்த குசினிக்குள் அந்த ஒரு கல்லின் இடம் மட்டும் ஒவ்வொரு விடியலிலும் அடைபட்டு, ஒவ்வொரு விடியலிலும் திறந்தது. ஒரு கல் குறைந்த வீடு முடிந்த வீடாகாது, முடியாத வரைக்கும் காக்கா மிஞ்சுவார் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். கணக்குச் சரியாகத்தான் இருந்தது.

நிக்காஹ் நடந்தது. அப்ராஸ் பெட்டியோடு வந்து குடியேறினான். முதலில் மேசனைக் கூப்பிடப் போனவன், ஒருநாள் சுபஹு நேரம் அந்த ஓட்டை தன் கண் முன்னால் அடைபடுவதைப் பார்த்துவிட்டு, மனிசியின் கையிலிருந்து அலவாங்கை வாங்கினான். ஓட்டையால் பூனை வந்தது, மாரியில் சாரல் வந்தது, பங்குனியில்கூட ஒரு நாள் வெள்ளையாய் ஏதோ தூவி, குசினித் தரையில் விழுந்து கரைந்தது. பாயைத் தள்ளிப் போட்டுக்கொண்டு சீவித்தார்கள். ஆனால் அம்ஹா ஒரு விடியலிலும் நிம்மதியாக எழும்பியதில்லை. இன்றைக்குத் தூங்கிவிட்டேனா, இன்றைக்குத் தவறிவிட்டேனா என்ற திடுக்கோடுதான் கண் திறப்பாள்.

தவறியது அவள் ஆஸ்பத்திரியில் பிள்ளை பெறக் கிடந்தபோது. அப்ராஸும் அங்கேயே வாசலில் கிடந்தான், பிரசவம் இறுகிவிட்டது. வீட்டில் இருந்தது சித்தி லைலா. ஏழாம் நாள் பேர் வைக்க மாப்பிள்ளை வீட்டார் இனசனத்தோடு வருவார்கள், சுவரில் ஓட்டையோடு ஒரு வீட்டில் முதல் பேரப்பிள்ளையைக் காட்டுவதா, ஊர் சிரிக்காதா! கல் தானாக வந்து அமர்ந்திருந்தது நல்லதாகப் போயிற்று என்று மேசனைக் கூப்பிட்டு அதற்கு மேல் நல்ல பூச்சாகப் பூசுவித்து, வெள்ளையும் அடிப்பித்தாள்.

பிள்ளையோடு வந்து இறங்கின அம்ஹா குசினிக்குள் போய் நின்றாள். சுவர் வழுவழுவென்று இருந்தது. ஃபோனை எடுத்து அடித்தாள். அந்த இலக்கம் பாவனையில் இல்லை என்று ஒரு பெண் குரல் பிரெஞ்சில் சொல்லிக்கொண்டே இருந்தது. காதைச் சுவரில் வைத்தாள். எண்ணுகிற சத்தம் இல்லை, மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும் மெல்லியதாகக் கேட்டது. பிள்ளையை அப்ராஸின் கையில் திணித்துவிட்டு, தையல் இழுக்க இழுக்க அலவாங்கைத் தேடி எடுத்தாள்.

"ஒனக்கென்ன பைத்தியமா புள்ள! நாளைக்கி மாப்புள ஊட்டாக்கள் வாறாங்க!" உம்மா குறுக்கே வந்து நின்றாள்.

"உம்மா, தள்ளுங்க. உள்ளுக்கு காக்கா இரிக்கார்."

"சுவருக்குள்ள எப்படிடி ஆள் இரிக்கிற?"

"காத வெச்சுப் பாருங்க. ஒரு தரம் வெச்சுப் பாருங்க."

சித்தி லைலா அத்தனை காலமும் அந்தச் சுவரில் காது வைத்ததில்லை. வைத்தால் என்ன கேட்கும் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் குசினியில் ஏன் எப்போதும் அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு சமைத்தாள்? இப்போது வைத்தாள். முதலில் மூச்சுத்தான் கேட்டது. பிறகு, வெகு ஆழத்திலிருந்து, சுவர் இரண்டு தரம் இருமி, மூன்றாவதை விழுங்கியது. தென்னை மரத்தடியில் மணல் கக்கின பிள்ளையின் இருமல். "என்ட அல்லாஹ்! என்ட வாப்பா! என்ட மகனே!" என்று குழறினாள் கிழவி. குழறிக்கொண்டே மகளின் கையிலிருந்து அலவாங்கைப் பிடுங்கி முதல் குத்தைக் குத்தியது அவள்தான். பூச்சு உதிர்ந்தது. கல் விழுந்தது, பக்கத்துக் கல்லும் விழுந்தது. அப்ராஸ் பிள்ளையை நிலத்தில் கிடத்திவிட்டு வந்து வெறுங்கையால் இழுத்தான். ஆள் நுழைகிற அளவுக்கு ஓட்டை வந்ததும் உள்ளேயிருந்து முதலில் ஒரு கை வந்தது, சாந்து பூசின கை. பிறகு தோள். சுபியான் தடித்த குளிர்ச்சட்டையும் வேலை பூட்ஸுமாக, தலைமயிரில் பனியோடு, வயலைப் பார்த்த சுவரிலிருந்து குசினிக்குள் இறங்கி நின்றான். எல்லாரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"பசிக்கிது உம்மா," என்றான்.

அடுத்த நாள் மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள், பிள்ளைக்குப் பேர் வைத்தார்கள், ஓட்டையைப் பார்த்தார்கள், சுபியானையும் பார்த்தார்கள். எப்போது வந்தாய் என்று கேட்டதற்கு அவன் நேற்று என்றான். எந்த ஃப்ளைட் என்று யாரும் கேட்கவில்லை. அவனுக்கு மேற்குப் பக்க அறையைக் கொடுத்தார்கள். தங்கச்சியின் வீட்டில் காக்காவுக்கு அறை என்பது இந்த ஊரில் முன்பு நடக்காதது. பள்ளிவாசலில் ஒருவர் இரண்டு பேர் முணுமுணுத்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். அவன் இப்போது சுஜிந்தனுக்கு டைல்ஸ் பதித்துக் கொடுக்கிறான். கை மட்டும் எந்த வெயிலிலும் சூடு பிடிப்பதில்லை.

சுபியான் வந்து இரண்டு கிழமையில், ஒரு விடியலில், அம்ஹா பழக்க தோசத்தில் திடுக்கிட்டு எழும்பிக் குசினிக்குப் போனாள். ஓட்டையில் ஒரு புதுக் கல் இருந்தது. காக்கா அறைக்குள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அவள் காதை வைத்தாள். உள்ளே ஒருவன் எண்ணிக்கொண்டிருந்தான், மெல்லிய குரல், சின்ன வயசு, 'த்ருவா' சரியாக வாயில் வரவில்லை. யாருடைய காக்கா என்று இன்றுவரை தெரியாது. அயலூர்களான மருதமுனையிலும் நற்பிட்டிமுனையிலும் விசாரித்துப் பார்த்துவிட்டார்கள். அந்தப் பிள்ளை உடம்பில் குறையாமல் இருக்க, அவளும் சுபியானும் முறை வைத்து அந்தக் கல்லைத் தினமும் எடுத்துப் போடுகிறார்கள். இப்போது இந்தப் பக்கத்தில் புது வீடு குடிபோகிறவர்கள் பிஸ்மி சொல்லி வலது காலை வைக்கிறதுக்கு முன்னால் எல்லாச் சுவரிலும் ஒருதரம் காது வைத்துப் பார்க்கிறார்கள். கல்யாண வீட்டில் சீதனச் சாமான் ஏற்றும்போது கட்டிலும் அலுமாரியும் போன பிறகு, உம்மாமார் ஒரு அலவாங்கையும் துணியில் சுற்றி வைத்து அனுப்புகிறார்கள்.