விளக்கம் கேட்கப்பட மாட்டாது

வலிப்பு நோயாளிகளின் வீட்டாருக்கென்று இணையத்தில் அவள் ஒரு குழு தொடங்கியபோது பதினோரு பேர்தான் இருந்தார்கள். அவள் கணவனுக்கு அந்த நோய். பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேசை வேலை அவளுக்கு. தன்னைப் போல வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு அலைகிறவர்களோடு நாலு வார்த்தை பேசலாமே என்றுதான் ஆரம்பித்தாள். ஐந்து வருடத்தில் ஆறாயிரம் பேர் ஆனார்கள். கூட்டம் சேர்ந்தால் வியாபாரியும் சேருவான் அல்லவா? மாத்திரையை நிறுத்திவிட்டு எங்கள் எண்ணெயைத் தேயுங்கள் என்று ஒருவன் நுழைந்தான். அதை நம்பிய கல்லூரிப் பெண் ஒருத்தி குளியலறையில் விழுந்து செத்துப்போனாள்.

அந்த வாரமே அவள் விதி எழுதினாள். மருந்தை நிறுத்துவது பற்றி எழுதுபவர் உடனே நீக்கப்படுவார். விளக்கம் கேட்கப்பட மாட்டாது. கணினி வேலை பார்க்கும் அவள் தம்பி, அப்படிப்பட்ட சொற்களைக் கண்டாலே ஆளைத் தானாக வெளியேற்றும்படி அமைத்துக் கொடுத்தான். அவர்களோடு சேர்ந்து குழுவைக் கவனித்துவந்த ஓய்வுபெற்ற வாத்தியார் மட்டும், கொலைகாரனைக்கூட ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தானே தண்டிக்கிறார்கள் என்று முனகினார். சூடு கண்ட பூனையாக இருந்த அவள் காதில் அது ஏறவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வெல்டர் ஒருவர் நீக்கப்பட்டதாக அவளுக்கு அறிவிப்பு வந்தது. பத்து நிமிடத்தில் அதே ஆள் மனைவியின் கணக்கிலிருந்து வந்தார், அதுவும் போயிற்று. மூன்றாவதாகப் பக்கத்துப் பட்டறைக்காரர் கணக்கில் வந்தார். இந்தத் தடவை இயந்திரத்தின் கண்ணில் படாத சொற்கள். எண்ணெய்க்காரனும் இப்படித்தான் சட்டை மாற்றி மாற்றி வந்தான். முதல் வரியைப் பார்த்தாள், அதே ஆள் என்று தெரிந்தது, தன் கையாலேயே நீக்கினாள். பிறகு கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற பெரியவருக்கு டோக்கன் கொடுத்தாள்.

மத்தியானம் குழுவிலுள்ள நர்ஸ் ஒருத்தி போன் செய்தாள். "வெல்டர் அண்ணன் போட்டதைப் பாத்தீங்களா? நான் பதில் எழுதிட்டு இருக்கும்போதே காணாமப் போயிடுச்சு."

நீக்கிய பதிவுகள் ஒரு நாள் அழியாமல் இருக்கும். தேடி எடுத்தாள். கடையில் மாத்திரை வரவில்லை, நிறுத்தி மூன்று நாளாயிற்று, மகள் விடிந்ததிலிருந்து நான்கு தடவை விழுந்துவிட்டாள், என்ன செய்வது என்று முதல் பதிவு கேட்டது. மூன்றாவதின் கடைசி வரி: "நான் எதையும் விக்க வரல. தயவு செஞ்சு தள்ளாதீங்க."

மூன்று கணக்குகளிலும் இருந்த போன் எண்களுக்கு மாறி மாறி அடித்தாள். யாரும் எடுக்கவில்லை. காத்திருந்தவர்கள் முறைத்தார்கள், டாக்டர் உள்ளேயிருந்து இரண்டு முறை மணியடித்தார். கருவிகள் கழுவும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மறுபடி மறுபடி அடித்தாள். சாயங்காலம்தான் வெல்டர் எடுத்தார். மகள் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தாள்.

நீக்கியது தான்தான் என்று சொன்னாள்.

"அவ ஏழு வயசுப் புள்ளைங்க. ஆஸ்பத்திரிக்கு ரெண்டு மணி நேரம் ஆகும். போய்ச் சேர்ற வரைக்கும் என்ன பண்ணணும்னுதான் கேட்டேன். வெளியே தள்ளினீங்க, சரி. நான் எங்க வந்து சொல்லணும்னு ஒரு கதவாவது வெச்சீங்களா?"

அவள் மன்னிப்புக் கேட்கத் தொடங்குவதற்குள் இணைப்பு போய்விட்டது.

மறுநாள் அவளும் தம்பியும் வாத்தியாரும் பேசினார்கள். பிடியைத் தளர்த்தினால் எண்ணெய்க்காரன் திரும்ப வருவான் என்று தம்பி அடித்துச் சொன்னான். அது பொய்யுமில்லை. கடைசியில் விதியை மாற்றினார்கள்: இயந்திரம் பதிவை மறைத்து வைக்கலாம், ஆளை நீக்கக்கூடாது, நடத்துகிறவர் ஒருவர் முழுதும் படித்து, ஒரு வார்த்தை கேட்ட பிறகே நீக்கலாம், நீக்கப்பட்டவர் முறையிட்டால், குலுக்கலில் வந்த மூன்று உறுப்பினர்கள் தீர்ப்புச் சொல்வார்கள், குழுவை நடத்துகிறவர்களுக்கும் அதே விதி. தான் செய்ததையும் ஒளிக்காமல் எழுதி அவள் வெளியிட்டாள்.

வசவு மழையாகக் கொட்டியது. நானூறு பேர் வெளியேறினார்கள். அதெல்லாம் அவள் எதிர்பார்த்ததுதான். செத்துப்போன கல்லூரிப் பெண்ணின் அம்மா எழுதியதைத்தான் தாங்க முடியவில்லை: "விதியைத் தளர்த்தாதீங்க. என் பொண்ணு போனது போதும்." இந்தத் தாய்க்கும் அந்தத் தகப்பனுக்கும் சேர்ந்தாற்போல் ஒரு பதில் எழுதப் பார்த்து, ஒவ்வொரு வரியாக அழித்தாள். கணவன் சாப்பிடக் கூப்பிட்டான். திரையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

புது விதிப்படி வந்த முதல் புகார் அவள்மேல்தான், அவளே கொடுத்தது. ஒரு வருடம் யாரையும் நீக்கும் அதிகாரம் அவளுக்குக் கிடையாது என்று குலுக்கலில் வந்த மூவர் முடிவு செய்தார்கள். தம்பி கொதித்தான். அவள் மறுபேச்சில்லாமல் பொறுப்பை நர்ஸிடம் கொடுத்தாள்.

ஐந்தாம் நாள் சிறுமி கண் திறந்தாள். வலது கை மட்டும் எதையும் பிடிக்கவில்லை. வெல்டர் குழுவுக்குத் திரும்பவே இல்லை. அவர் மனைவி வந்து, கை சரியாகுமா என்று ஒரே வரி கேட்டாள். நாற்பது பேர் பதில் எழுதினார்கள். குழுவைத் தொடங்கியவளின் கணவனுக்கும் ஒருமுறை கை அப்படித்தான் விழுந்து, எட்டு மாதத்தில் மீண்டது. அதை எழுதினாள். தன் பெயரைக் கண்டால் அந்தம்மா படிக்காமல் தள்ளிவிடுவாளோ என்று பயந்து, வாத்தியார் பெயரில் போடச் சொன்னாள்.

அவர் மறுத்துவிட்டார். "உங்க பேர்லயே போடுங்கம்மா. படிக்கிறதும் படிக்காததும் அவங்க இஷ்டம்."

போட்டாள். மறுநாள் பார்த்தபோது, அந்தம்மா மற்ற நாற்பது பேருக்கும் நன்றி சொல்லியிருந்தாள்.