மூச்சு பட்ட தகடு

கம்பெனியில் அவளுக்கு 'ஊதி' என்றுதான் பேர். பச்சைத் தண்ணியைக்கூட ஊதிக் குடிப்பாள் என்று அண்ணி கட்டிவிட்ட பேர்.

சிலிக்கான் தகட்டில் வைர முனையால் கோடு கீறுவது ஊதியின் வேலை. பக்கத்து மேசையில் அண்ணி அதைக் கோட்டோடு வளைத்து ஒடிப்பாள். ஒரு வாரமாகத் தகடுகள் கோட்டை விட்டுக் கோணல்மாணலாக உடைந்தன.

"உனக்குக் கை கனத்துப்போச்சும்மா," என்றார் சூப்பர்வைசர் அண்ணியிடம். "இன்னிக்கும் இப்படின்னா நாளைக்கு வராதே."

"செங்கல் தூக்கின கை சார். கனக்காம என்ன செய்யும்?" என்று சிரித்தாள் அண்ணி. அண்ணன் முதுகு ஒடிந்து படுத்ததிலிருந்து வீட்டு அடுப்பு பெரும்பாலும் அந்தக் கையால்தான் எரிந்தது.

ஊதி அடுத்த தகட்டைக் கீறி, வழக்கம்போல முகமூடியை இறக்கி ஊதினாள். மூச்சு படிந்து தகடு வெளுத்தால் கீறல் தெளிவாகத் தெரியும், ஒரு வாரமாக அவளாகப் பழகிக்கொண்டது. கிளாம்பில் தகடு லேசாக வளைந்து நின்றது.

மேசையிலிருந்த உருப்பெருக்கி லென்சுக்குள் பனி இறங்கிய வயல்வெளி மாதிரி இருந்தது. கீறலின் ஓரத்திலிருந்து மயிரிழை விரிசல் ஒன்று புறப்பட்டது. சத்தமே இல்லை. ஈரத்தைக் குடித்துக் குடித்து, தூக்கத்தில் நடக்கிறவன் மாதிரி பக்கவாட்டில் போனது. பனி வற்றியதும் நின்றது. மறுபடி ஊதினாள். மறுபடி நடந்தது. பார்க்கப் பார்க்க அழகாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

முகமூடியை ஏற்றிக்கொண்டாள். ஈரம் அண்டாதபடி உலர்ந்த நைட்ரஜன் ஓடும் பெட்டிக்குள் கையை விட்டு, அங்கேயே ஒரு தகட்டைக் கீறி எடுத்துக் கொடுத்தாள். அண்ணி ஒடித்தாள். கோட்டோடு பிளந்தது. அடுத்ததும். அதற்கடுத்ததும்.

"சார், அண்ணி கையில ஒண்ணுமில்ல. என் மூச்சுதான் உடைக்குது."

"மூச்சா? கதை விடாதே."

"கண்ணை வைங்க."

ஊதினாள். அவர் லென்சிலிருந்து கண்ணை எடுக்க வெகுநேரம் ஆனது.

"முகமூடியை இறக்காதேன்னு சொன்னேனா, இல்லையா?"

"சொன்னீங்க சார்."

"அப்ப நாளைக்கு நீ வராதே."

சாயங்காலம் கம்பெனி வாசலில் அண்ணி டீ வாங்கித் தந்தாள். ஊதி டம்ளரை அப்படியே வாயருகே கொண்டுபோனாள். ஆவி முகத்தில் படிந்தது.

"ஊதிக் குடிடி," என்றாள் அண்ணி. "நாக்கு வெந்துடும்."